கூடத் தாறவன் பக்கம்

"இவனைக் கழகத்தை விட்டு நிப்பாட்ட வேணும். இண்டைக்கே!"

ராஜரத்தினம் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினார்.

வளர்பிறை விளையாட்டுக் கழகத்தின் அவசரக் கூட்டம். வாசிகசாலைக் கட்டிடத்தில். எங்கள் கழகத்துக்குக் கோல் அடித்துத் தருகிற சுமன், குற்றவாளியாகக் கதவு நிலையோடு சாய்ந்து நின்றான்.

முந்தின நாள்தான் அரையிறுதி. பருவம் தப்பிய மழையில் மைதானம் சேறு. சுமன் இல்லாமல் ஆடினோம், தோற்றோம். அதே நேரம் அவன் வவுனியாவில் வேறொரு கழகத்துக்குக் காசுக்கு ஆடிக்கொண்டு நின்றான். இரண்டு கோல் வேறு.

கோபம் வராதா? எனக்கும் வந்தது. ராஜரத்தினத்துக்கு வந்தது கோபமில்லை, சன்னதம்.

அவரைப் போல ஓர் ஆதரவாளர் எந்தக் கழகத்துக்கும் கிடையாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று நடுவரின் பரம்பரையையே இழுப்பார். ஊரில் உள்ள ஒரேயொரு நெல்லு வெட்டுகிற மிசின் அவருடையது. அறுவடை நேரத்திலும் மிசினை ட்றைவர் ராசுவிடம் விட்டுவிட்டு மட்ச் பார்க்க வந்துவிடுவார்.

"லண்டன் பெடியள் அனுப்பின காசை என்ன செய்தனியள்? இவைக்குச் சப்பாத்து. இவைக்கு ஜேர்சி. பிராக்டிஸ் முடிய முட்டையும் வாழைப்பழமும். கோல் கம்பத்திலை பிஞ்ச மீன் வலை தொங்குது. துரைமாருக்கு முட்டை!"

"அண்ணை, இருந்து கதையுங்கோவன்," என்றார் முத்தலிப். கழகத் தலைவர். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்.

"என்னண்டு இருக்கிறது? இவனுக்குப் பதிலா இறக்கினியளே ஒருத்தனை, கோலுக்கு நேரை நிண்டு பந்தை வாய்க்காலுக்கு அடிச்சவன்!"

"அது என்ர மோன், அண்ணை," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"உன்ர மோனெண்டபடியால் வாய்க்காலோடை நிண்டது. நீ அடிச்சிருந்தால் குளத்துக்குப் போயிருக்கும்!"

சிரிப்பு அடங்கவில்லை. அவர் அடங்குகிற ஆளும் இல்லை.

"ரீவியிலை பாக்கிறம். வெள்ளைக்காரக் கழகங்கள் கோடி கோடியாக் குடுத்து ஆளை வாங்குது. அடுத்த வருசம் அவன் கூடத் தாறவன் பக்கம் ஓடுறான். சரி, அவங்களுக்கு அது தொழில். நாங்கள் அப்பிடியோ? ஊரெண்டால் ஊரவனுக்குத்தான் முதல். மற்றவனுக்குப் பிறகுதான்!"

கைதட்டினார்கள். நானும்தான்.

அவருடைய போன் அடித்தது. சேட்டுப் பொக்கற்றிலிருந்து எடுத்தார்.

"சொல்லு ராசு. என்ன, அடுத்த ஊர்க் கண்டாவளையாரோ? ஏக்கருக்கு எவ்வளவு கூடவாம்? பிறகென்ன கேள்வி, மிசினை அங்கை கொண்டுபோய் இறக்கு. இவை காசு கட்டினவைதானே, எங்கை ஓடப் போகினம்? நாலு நாள் பொறுக்கட்டும்."

வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"எங்கை விட்டனான்?"

"ஊரவனுக்குத்தான் முதல்," என்று முத்தலிப் எடுத்துக் கொடுத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஓம், அதுதான்."

சுமன் நிலையை விட்டு நிமிர்ந்தான். "மாமா..."

"வாயை மூடு! கழகம் வாங்கித் தந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் ஆருக்கோ கோல் அடிச்சிருக்கிறாய். வெக்கமில்லை?"

"அதை வீட்டிலை வைச்சிட்டுத்தான் போனனான். அங்கை ஒருத்தன்ரை இரவல் வாங்கினன்."

அப்போதுதான் பார்த்தேன். செருப்புக்குள் அவன் விரல்கள் தோலுரிந்து கிடந்தன.

"ஆகா, என்ன நேர்மை! ஒரு வருசத் தடை. கையைத் தூக்குங்கோ எல்லாரும்!"

கைகள் எழும்பின. என்னுடையதும்.

"பொறுங்கோ, பெடியனையும் ஒரு வார்த்தை கேப்பம்," என்றார் முத்தலிப். "ஏன் தம்பி போனனி?"

"காசு தேவைப்பட்டது."

"காசு!" ராஜரத்தினம் மேசையில் ஓங்கி அடித்தார். "கேட்டியளோ? காசாம்! அந்தக் காசை என்ன செய்தனி? குடிச்சியோ? புதுப் போன் வாங்கினியோ? சபையிலை சொல்லடா!"

சுமன் நிலத்தைப் பார்த்தான்.

"உங்களிட்டைத்தான் கிடக்கு, மாமா."

"என்னட்டையோ?"

"இண்டைக்கு விடிய அம்மா கொண்டுவந்து தந்தவா. போன கிழமையும் வந்து கேட்டவா. மழைக்கு நெல்லுச் சரிஞ்சு கிடக்கு, வெட்டித் தாங்கோ, வித்துப்போட்டுத் தாறம் எண்டு. காசை முதல் வைச்சால்தான் மிசின் வயலுக்குள்ளை இறங்கும் எண்டு சொல்லிவிட்டனீங்கள்."

வெளியே வானம் முழங்கியது. அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இண்டைக்குப் பின்னேரம் இறக்கிறன் எண்டு விடியச் சொன்னனீங்கள். இப்ப போனிலை நாலு நாள் பொறுக்கச் சொன்னது எங்கடை வயலை."

ராஜரத்தினத்தின் கை சேட்டுப் பொக்கற்றின் மேல் போய் நின்றது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின.

முத்தலிப் எழும்பினார்.

"ஒருத்தரும் கையை இறக்காதேங்கோ. தீர்மானம் அதேதான். ஆளைத்தான் மாத்துறம்."