தரைவரை போன பெடல்

பழைய கார் ஒன்றில் ரோஷக்கார பிரேக் பெடல் இருந்தது. கொஞ்ச நாளாக மெல்ல அழுத்தினால் அது உள்ளே அமிழ்ந்தது. வெடுக்கென்று மிதித்தால் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றுவிடும்.

மறுநாள் கார் மலையிறங்க வேண்டும். மெக்கானிக் எஸ்தர் வந்து வெடுக்கென்று மிதித்துப் பார்த்தாள். பெடல் அசையவில்லை.

"நல்லாத்தானே இருக்கு சார்?" என்றாள் வண்டிக்காரரிடம்.

"பலே அண்ணே!" என்றது ஹேண்ட் பிரேக், பெடலிடம். "நாளைக்கு மலையிலயும் இதே மாதிரி நடிச்சுக் காட்டு. பின்சீட்ல சின்னப் பிள்ளைங்க வருது. நீ விட்டா நான் ஒருத்தன் தாங்கமாட்டேன்."

"நான் எவன் காலுக்கும் பணிஞ்சதில்லடா."

"நல்லது. அதைப் பிள்ளைங்ககிட்ட சொல்லிக்கோ."

எஸ்தருக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு தரம் காலை வைத்து மெல்ல அழுத்தினாள். மூச்சைப் பிடித்தால் இந்த ஒரு தரம் விறைத்து நிற்கப் பெடலுக்கு இன்னும் தெம்பிருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. எல்லாரும் பார்க்க, சிம்மாசனத்தை விட்டு இறங்கும் ராஜா மாதிரி நிதானமாகத் தரைவரை இறங்கியது.

"ஐயோ, மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கு, பிரேக் பிடிக்காது! வண்டியை எடுக்காதீங்க சார்!" என்று எஸ்தர் கத்தினாள். வண்டிக்காரர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பார்த்தியாடா?" என்றது பெடல், தரையில் கிடந்தபடியே. "நிறுத்திட்டேன்."