டாக்டர் மகள்

பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுப்பதென்று குழம்புகிறவர்களுக்கு, நாற்பது வயதில் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதைப் பள்ளித் திரையில் காட்டுவார்கள். நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். காமர்ஸ் எடுத்த நான் வங்கியில் இருந்தேன். அப்பா சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பயாலஜி எடுத்த நான் டாக்டராக வந்ததும் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா, சாப்பிட்டீங்களா?"

என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த டாக்டரை வீட்டுத் திரைக்கும் வாங்கிக்கொண்டார். தினமும் அவளிடம் முழங்கால் வலியைச் சொல்வார். எனக்குப் பயாலஜி பிடிக்குமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அப்பா திட்டவே இல்லை.

நேற்று அவருக்குக் காபி கொண்டுபோனேன்.

"அப்பா, இந்தப் பொண்ணு யாரு?" என்றாள் அவள்.

"நம்ம பொண்ணுதாம்மா. இன்னும் குரூப் எடுக்கல."

"சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க, பாவம்."

நான் சேராமல் நீ எப்படி டாக்டரானாய் என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். காபியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.