பக்கத்து சீட்டு

“யோசிக்காம அறுத்துடுங்க தம்பி” என்றார் பெரியவர், ஏதோ பூசணிக்காயைச் சொல்வதுபோல.

கார் ஒயரிங் கடைக்காரர் கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். எதிரே நிற்பது நாற்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மடக்கிவிடும் கூரை, ஒரு கீறல்கூட விழாத மர டேஷ்போர்டு. அதன் நடுவில் ஓட்டை போட்டு, வழி சொல்லும் திரையைப் பதிக்க வேண்டுமாம்.

“சார், இந்த மரத்தை வெட்டினா வெட்டினதுதான், திரும்ப ஒட்டாது. உங்க போன்லயே மேப் இருக்கு. ஒரு ஸ்டாண்டு மாட்டித் தர்றேன், பத்து நிமிஷ வேலை.”

“போன் சரிப்படாது. ரெண்டு தடவை இவ கழட்டித் தன் பைக்குள்ள போட்டுக்கிட்டா. இது யாரும் கழட்ட முடியாத மாதிரி உள்ளயே இருக்கணும்.”

பக்கத்து சீட்டில் அவர் மனைவி இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மடியில், மடித்து மடித்து நைந்துபோன ஒரு வரைபடம். “ஆமா, போட்டுக்கிட்டேன். இந்த வண்டியில வழி சொல்றது நானா, அந்தப் போனுக்குள்ள இருக்கறவளா?”

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர் வீட்டுக்காரி செய்யும் அதிகாரமும் இதேதான்.

சிரித்தவரை அந்த அம்மா லேசில் விடவில்லை. இருபது வருஷம் கணவனும் மனைவியுமாகக் கார் பந்தயங்களில் ஓடியவர்களாம். காடு, மலை, மண் ரோடு எதையும் விட்டுவைக்கவில்லை. ஓட்டுவது அவர், மேப்பைப் பார்த்து வழி சொல்வது இவர்.

டேஷ்போர்டின் மேல் வளைந்த கழுத்தோடு ஒரு குட்டி விளக்கு இருந்தது. இருட்டில் மனைவி மேப் படிப்பதற்காகப் பெரியவர் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்தது. புதுத் திரைக்கு இடம் வேண்டுமென்றால் முதலில் அதைத்தான் கழற்ற வேண்டும்.

“பந்தயத்துல ஒரே சட்டம்தான் தம்பி. நான் திரும்புன்னா திரும்பணும். ஏன்னு கேட்டுக்கிட்டு இருந்தா வண்டி பள்ளத்துல கிடக்கும். இந்த மனுஷன் வண்டியில ஒரு நாள் கூட என்னை ஏன்னு கேட்டதில்ல. வீட்டுலதான் தொட்டதுக்கெல்லாம் ஏன்.”

“அப்புறம் எதுக்கும்மா இந்த மிஷின்?”

அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. “வயசாச்சுப்பா. இவருக்கு மறதி வந்துடுச்சு. போன வாரம் மக வீட்டுக்குக் கிளம்பினோம். அரை மணி நேரம்தான். மூணு மணி நேரம் சுத்திட்டு, கடைசியில துறைமுகத்து கேட்டுல போய் நிக்கறோம். மக போன்ல ஒரே அழுகை. நான் இவரை ஒரு வார்த்தை திட்டலை.”

பெரியவர் கையிலிருந்த கார் சாவியைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

“சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க” என்று அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மேட்னி விட்டுட்டா தியேட்டர் முனையில வண்டி நகராது.”

தியேட்டரை இடித்துப் பத்து வருஷம் ஆயிற்றே என்று கடைக்காரருக்கு வாய்வரை வந்தது. ஆனால் ஊரே இன்னும் அதைத் தியேட்டர் முனை என்றுதான் சொல்கிறது. அந்தக் கால ஆட்களின் கிண்டல் என்று விட்டுவிட்டார்.

பெரியவர் அவரைக் கடைக்கு உள்ளே, பேட்டரி அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் அழைத்துப் போனார். “சத்தம் நல்லா வரணும் தம்பி. ஒவ்வொரு திருப்பத்துலயும் அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அது சொல்லிடணும். அந்த மாதிரி வெச்சுத் தர முடியுமா?”

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. இதற்குத்தானா இத்தனை அவசரம் என்று நினைத்துக்கொண்டு, அளவு டேப்பை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார்.

அம்மா கைக்குட்டையால் அந்தக் குட்டி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். டேப்பைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

“இதைக் கழட்டினா குப்பையில போட்டுடாதீங்க தம்பி. என்கிட்ட கொடுத்துடுங்க. வேலைதானே போச்சு, விளக்காவது இருக்கட்டும்.”

அதற்கு மேல் கடைக்காரரால் தாங்க முடியவில்லை. அளவும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே வந்து டேப்பை மேஜை மேல் எறிந்தார்.

“இந்த வேலை என்னால ஆகாது சார். வேற கடை பார்த்துக்கோங்க.”

“ஏன் தம்பி?”

“ஏனா? அங்க உட்கார்ந்து அழறாங்க. மறதி உங்களுக்கு, தண்டனை அவங்களுக்கா? அவங்க வாயை அடைக்க மிஷின் எதுக்கு? அவங்க சொல்ற வழியில போயிருந்தா துறைமுகத்துல போய் நின்னிருப்பீங்களா?”

பெரியவர் கதவோரம் போய் எட்டிப் பார்த்தார். மனைவி மேப்பை விரித்து, விரலால் ஏதோ ஒரு ரோட்டைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். பேசினால் அவருக்குக் கேட்காது. கதவைப் பாதி சாத்திவிட்டுத் திரும்பி வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“போன வாரமும் நான் ஏன்னு கேட்கலை தம்பி.”