ரிமோட்டில் கோளாறு இல்லை

"இன்னொரு பெட்டரி போட்டுக் குடுங்க நானா."

கோகிலா கார் சாவியைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். இரண்டு நாளில் இது மூன்றாவது தடவை. பலாங்கொடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாவியும் ரிமோட்டும் பழுது பார்க்கும் றம்ஸீன் நானாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"தங்கச்சி, நேத்துத்தானே புதுசு போட்டேன்? இந்தா பாருங்க, அமத்தினா சிவப்பு லைட் பத்துது. ரிமோட்ல ஒரு கோளாறும் இல்ல. காரைக் கொண்டு வாங்கன்னு எத்தன தரம் சொல்றது?"

"காரைக் கொண்டாற முடியாதுங்க. நீங்க தோட்டத்துக்கு வந்து பாக்குறீங்களா? இன்னைக்கு அந்திக்குள்ள சரியாகணும்."

"அப்படி என்ன அவசரம்? எங்க போகணும்?"

"எங்கயும் போக இல்லீங்க. அமத்துனா கீக் கீக்னு சத்தம் வந்தா போதும்."

றம்ஸீன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கார் ஓட வேண்டாமாம், சத்தம் மட்டும் வேண்டுமாம். வாசலில் கார் நிற்கிறது என்று லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்க வேண்டும் போலிருக்கிறது. பகட்டுக்கும் ஓர் அளவு வேண்டாமா?

ஆனாலும் தொழிலாயிற்றே. கடையைப் பூட்டினான். பழைய கார் பெட்டரி ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, அவள் ஏறிய தேயிலைத் தோட்டத்து பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனான்.

லயத்தில் கடைசி வீடு. பக்கத்தில் தார்ப்பாய்க்குள் நின்றது கார். இரண்டு டயர் சப்பை. கண்ணாடி ஓரமெல்லாம் பாசி பிடித்திருந்தது.

சாவியால் கதவைத் திறந்து பொனட்டைத் தூக்கினான். பெட்டரி முனைகளில் வெள்ளை பூத்திருந்தது.

"சரி, இதுதான் விசயம். ரிமோட் கூப்பிடுது, கேக்கிறதுக்குக் காருக்குத்தான் உசிரில்ல. ஓட்டி எவ்வளவு நாள்?"

"அஞ்சு மாசம்."

"ஏன், ஒங்கட வீட்டுக்காரர் ஓட்றதில்லையா?"

அவள் மேற்கே வெயில் இறங்குவதைப் பார்த்து, "கொஞ்சம் சுருக்கா செய்யுங்க நானா" என்றாள்.

முனைகளைச் சுரண்டித் துடைத்து, கொண்டுவந்த பெட்டரியை மாட்டினான். ரிமோட்டை அழுத்தினான்.

கீக் கீக்!

அந்தச் சத்தத்துக்கே காத்திருந்ததுபோல இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"குமாரு வந்துட்டானா தாயி?"

"வந்துட்டாருங்க மாமா! பீலிக்குக் குளிக்கப் போயிருக்காரு. நீங்க சாப்புடுங்க."

அவளுடைய மாமனார் இருளப்பன். சீனி வியாதியில் இரண்டு கண்ணும் போனவர். பக்கத்தில் மூடிவைத்திருந்த தட்டைத் தடவி எடுத்து, ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தார்.

றம்ஸீன் தண்ணீர் கொட்டும் பீலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தான். சுவரில் மாலை போட்ட ஒரு படம். இதே காரில் சாய்ந்துகொண்டு ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கோகிலா அவனைக் காருக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள்.

"மாமா ரத்தினபுரி ஆஸ்பத்திரில கெடந்தப்ப எங்க வீட்டுக்காரரு நெஞ்சு வலில போயிட்டாருங்க. கருமாதியெல்லாம் முடிஞ்சப்பொறம்தான் மாமா வீட்டுக்கு வந்தாரு. புத்தியும் அப்பப்ப தடுமாறுது. குமாரு வராம சாப்புட மாட்டேன்னு மூணு நாள் ஒரே பிடிவாதம். நாலாம் நாள் என்ன செய்யன்னு தெரியாம இதை அமத்துனேன். சாப்புட்டாரு. அன்னையிலருந்து இப்புடித்தான். லயத்துலயும் ஒருத்தரும் மூச்சு விடல."

றம்ஸீனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"அவரு சாப்புட்டாத்தான் எனக்கும் எறங்கும்" என்றாள். "வேற யாரு இருக்கா? சில நாளு அந்தச் சத்தம் கேட்டா, நானே அமத்திட்டு, நானே பாதையப் பாக்குறேங்க."

"பெட்டரி இங்கயே இரிக்கட்டும் தங்கச்சி. மாசத்துக்கு ஒருக்கா நான் வந்து சார்ஜ் பண்ணித் தாரேன்."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க நானா" என்று உள்ளே போனாள்.

"மொதலாளி, கொஞ்சம் கிட்ட வாங்க" என்று இருளப்பன் மெல்லக் கூப்பிட்டார். கை நீட்டித் துழாவி றம்ஸீனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே அந்தச் சத்தம் நிக்காமப் பாத்துக்குங்க. ரெண்டு ராவா அந்தப் புள்ள ஒண்ணும் சாப்புடல."

"நீங்களும் சாப்பிடல்லையாமே ஐயா?"

"எப்புடிச் சாப்புடுறது? சத்தம் கேக்காம நான் சாப்புட்டா, எனக்கு விசயம் தெரியும்னு அது கண்டுபுடிச்சிரும்."

றம்ஸீன் திடுக்கிட்டான். கிழவரின் குரலில் தடுமாற்றம் எதுவும் இல்லை.

"'வந்துட்டாருங்க மாமா'ன்னு சொல்லுது பாருங்க. நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையிலதான் அது கொரல்ல உசிரு இருக்கு. அதை நான் கெடுக்கலாமா?"

"ஒங்களுக்கு யார் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல."

உள்ளே கோகிலா அடுப்புக்கும் தண்ணிக் குடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இருளப்பன் அந்தப் பக்கம் காதைச் சாய்த்தார்.

"கண்ணு போனவனுக்குக் காதுதானே எல்லாம், மொதலாளி. இந்தச் சிமெண்டுத் தரையில அந்தப் புள்ளையோட மெட்டிச் சத்தம் நின்னு அஞ்சு மாசமாச்சு."