பேய்க்குச் சுற்றிப் போடுவது

மேசையிலிருந்து முப்பது கண்கள் அவளையே பார்த்தன.

நுங்குக் கண்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புத் திராட்சை.

பக்கத்துத் தட்டில் மிளகுக் கண்ணோடு இட்லிப் பேய்கள். இடியாப்பத்தில் பேயின் நரைத்த சடை. டம்ளர்களில் ரத்தம், அதாவது தர்பூசணிச் சாறு. ஓரமாகப் பதினைந்து பைகள். பைக்கு ஒரு கோரைப்பல் முகமூடி, ஒரு ரப்பர் சிலந்தி.

பார்ட்டி ஐந்து மணிக்கு. இப்போது ஐந்தே முக்கால்.

வாசலோர நாற்காலியில் ஒரு குட்டிப் பேய் காலாட்டிக்கொண்டிருந்தது. பழைய வேட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. மகள் மிருதுளாவுக்கு இன்று ஏழு வயது.

கோவையில் இந்த அடுக்குமாடிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கீழே சைக்கிள் விடும் பிள்ளைகள் கூட்டம் மிருதுளாவை இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. பேய் பார்ட்டி வைத்தால் எல்லோரும் வருவார்கள் என்று சொன்னது அவள்தான்.

ஒருவரும் வரவில்லை.

வாட்ச்மேன் தங்கவேலு கேக் பெட்டியோடு படியேறி வந்தார். மேசையில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

பழத்தில் சிவப்பாக ஒரு கோரைப்பல் முகம் வரையப்பட்டிருந்தது.

"மேடம், அது நீங்க வெச்சதுங்களா?"

"ஆமா. ஏன்?"

"காலைல பதினஞ்சு வாசல்லயும் இதேதானுங்க. யாரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு ஒரே ரகளைங்க. நாந்தானுங்க வெளக்கமாத்துல தள்ளிட்டுப் போயி முச்சந்தில போட்டேன்."

"சீட்டு கட்டியிருந்தேனே. யாருமே பிரிச்சுப் பாக்கலையா?"

"யாருங்க தொடுவாங்க?"

விடியற்காலையில் அவள்தான் வைத்தாள். கறுப்பு மார்க்கர் காய்ந்து போயிருந்ததால் சிவப்பில் வரைந்தாள். அழைப்பை எழுதிச் சுருட்டிக் கறுப்பு நூலால் பழத்தோடு கட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. புத்தி மட்டும் எங்கோ புல் மேயப் போயிருந்தது.

காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

அமாவாசை.

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

கீழே எங்கோ அழைப்பு மணி அடித்தது.

அமாவாசையும் அதுவுமாக, காலையில் செய்வினை பார்த்த வீட்டு வாசலில், வெள்ளை வேட்டி போர்த்திய பேய். அவள் செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

இரண்டாம் மாடியில் கதவு திறந்தது.

ஓர் அலறல் கேட்டது. அசோசியேஷன் செயலாளர் கிருஷ்ணவேணி அக்காவின் குரல்தான். கூட்டம் நடக்கும் நாட்களில் தெருமுனை வரை கேட்கிற குரல்.



பிறகு வேட்டிக்குள்ளிருந்து சின்னக் குரல்.

"ஆன்ட்டி, பயப்படாதீங்க. நான் மேல் வீட்டுப் பேய். இன்னிக்கு என் பர்த்டே. யாருமே வரல."

அவள் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேலே போவதா கீழே போவதா என்று தெரியவில்லை.

அதற்குள் கிருஷ்ணவேணி அக்காவின் பிள்ளைகள் இருவரும் அவளைத் தாண்டி மேலே ஓடினார்கள். அடுத்து எதிர்வீட்டுக் கதவு. அதற்கடுத்து முதல் மாடி. மணிகள் வரிசையாக அடித்தன.

ஆறரைக்கு வீட்டில் நிற்க இடமில்லை.

கண்களுக்குத்தான் அடிதடி. தங்கவேலு நான்கு பேய்களைத் தலையிலிருந்து தின்று முடித்தார். சட்னி நன்றாக இருக்கிறது என்று ஒரு தாய் சொல்ல, இன்னொருத்தி தட்டை நீட்டினாள். காலையில் போலீசைக் கூப்பிடச் சொன்னது யார் என்று மட்டும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாகக் கிருஷ்ணவேணி அக்கா வந்தார். முகம் இறுகியிருந்தது. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். வியர்த்து ஒழுகிக்கொண்டு ஆடிய குட்டிப் பேயைப் பார்த்தார்.

"சாமி, இங்க வா. கெழக்க பாத்து உக்காரு."

மிருதுளா உட்கார்ந்தாள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"இத்தன பேரு கண்ணு பட்டுருக்கும் புள்ளைமேல. ஏம்மா, ஊட்டுல எலுமிச்சம்பழம் இருக்குதா?"

இருந்தது ஒன்றுதான்.

மிருதுளாவின் அம்மா அதைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். அக்கா அந்தக் கோரைப்பல் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு, பழத்தால் பேயின் தலையை மூன்று முறை சுற்றினார்.

"ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு..."

அடுத்து வரவேண்டியது பேய்க்கண்ணு.

அக்கா ஒரு நொடி நிறுத்தினார். வேட்டி ஓட்டைகள் வழியாக இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அதை மட்டும் விட்டுவிட்டு மேலே சொன்னார்.