பயப்படுகிற படம்

“இந்தக் காளி படத்தைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா?”

படக்கடை அமிர்தலிங்கம் திருதிருவென்று விழித்தார். அரியலூர் கடைத்தெருவில் இத்தனை வருஷமாகச் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு விற்கிறார். விலை கேட்பார்கள், சட்டம் தேக்கா என்று கேட்பார்கள். உனக்குப் பயமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆனாலும் பொறுத்துக்கொண்டார். ஆடி மாதம். மதியமாகியும் போணி ஆகவில்லை. முதலில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்குக் கடையை மூட வேண்டியதுதான் என்று நம்புகிறவர் அவர்.

“எனக்கென்னங்க பயம்? இங்க இருக்குற சாமிங்க எல்லாம் என்னை நம்பித்தானே இருக்காங்க. சாருக்கு எந்த ஊரு?”

“கல்லங்குறிச்சி. தங்கசாமின்னு பேரு.”

“அப்ப உங்க ஊரு பெருமாளையே எடுங்க. சாதா அச்சுல இருக்கு, ஜிகினா ஒட்டினதும் இருக்கு.”

“சிரிச்ச முகமா இருக்காரே. வேலைக்கு ஆகாதுங்க.”

சாமி எதற்கு உர்ரென்று இருக்க வேண்டும் என்று அமிர்தலிங்கத்துக்குப் புரியவில்லை. அரிவாளும் மீசையுமாக முனீஸ்வரனை எடுத்து வைத்தார்.

“இவரைப் பார்த்தா எப்படி இருக்கு உங்களுக்கு?”

“மீசை நல்லாருக்கு சார்.”

தங்கசாமி உதட்டைப் பிதுக்கினார். அடுத்து எமலோகப் படம் வந்தது. வழவழப்புத் தாளில், பாவிகளை எண்ணெய்க் கொப்பரையில் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுக்காவது பயப்படுவீங்களா?”

“உள்ளதைச் சொல்றேன் சார். இதைப் பார்த்தா எனக்கு வடை ஞாபகம்தான் வருது.”

தங்கசாமியின் முகம் தொங்கிப்போயிற்று. செருப்பை மாட்டினார். போணி கண்ணெதிரே படியிறங்குவதைப் பார்த்து அமிர்தலிங்கம் அவசரமாகக் கை நீட்டி மறித்தார்.

“இருங்க சார். காளின்னா எனக்குக் கொஞ்சம் பயம்தான்.”

“சும்மா சொல்றீங்க” என்றார் தங்கசாமி வருத்தத்தோடு.

அலுப்பில் அமிர்தலிங்கம் ஒரு பீடியைப் பற்றவைத்தார். அப்போது பார்த்து அவருடைய மனைவி ஜானகி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள். பீடி பசை டப்பாவுக்குள் போயிற்று. மடித்துக் கட்டிய வேட்டி சரசரவென்று இறங்கியது. அவள் தூக்கை வைத்தாள், அவரை ஒரு பார்வை பார்த்தாள், போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் உட்காரவில்லை.

தங்கசாமி செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மேலே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“வீட்டம்மாவுங்களா? அவங்க போட்டோ ஒண்ணு இருக்குங்களா?”

“இருக்கு. அது எதுக்கு உங்களுக்கு?” அமிர்தலிங்கம் முறைத்தார்.

“ஸ்டூடியோவுல குடுத்து நல்லாப் பெருசு பண்ணி, மழை வெயிலு தாங்குற மாதிரி கண்ணாடி போட்டுக் குடுங்க. உங்க கடைக்குப் பின்னாடி இருக்குற வூட்டைப் போன மாசம் நான்தான் வாங்குனேன். தெனமும் என் சுவரு ஓரமா ஒண்ணுக்குப் போறது நீங்க ஒருத்தர்தாங்க.”