சத்துக் குறைந்த மரம்

“பழம் பெருசாயிருக்கு. காய்ப்பும் கூடியிருக்கு. சத்துதான் குறைஞ்சிருக்கு” என்றாள் சிவசங்கரி.

புதூர்நாட்டுக்கு மேலே, மலைச்சரிவில் சாமைக் கொல்லையை ஒட்டி இருந்தது அந்தக் கமலா ஆரஞ்சுத் தோட்டம். சென்ற முறை வந்தபோது மரத்துக்கு மரம் பழம் பறித்துக்கொண்டு போயிருந்தாள். இப்போது ஆய்வு முடிவைச் சொல்ல வந்திருக்கிறாள். பழ ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு அதுதான் வேலை.

போகிற ஊரிலெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தைக்கு வரும் பழம் வருஷா வருஷம் கூடுகிறது. பழத்துக்குள் இருப்பது, அவள் சோதித்துப் பார்த்த வரையில், இறங்கிக்கொண்டே போகிறது.

கேட்பவர்களின் முகம் சுருங்கும். விலை போகாதா என்பார்கள்.

ராஜேஸ்வரி அப்படிக் கேட்கவில்லை.

தோட்டம் அவளுடையது. ஐம்பது வயதிருக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“எல்லாச் சத்தும் கொறஞ்சிருக்குதுங்களா, மேடம்?”

“வைட்டமின் சி குறைஞ்சிருக்கு. பொட்டாசியமும்.”

“பொட்டாசியம்னா பொட்டாஷ்தானே?”

உரக்கடையில் பழகிய பெயர். கிட்டத்தட்ட அதுதான் என்றாள் சிவசங்கரி.

“அது எந்த மரத்துல ரொம்பக் கம்மி?”

இப்படி நேராக விஷயத்துக்கு வருகிறவர்களை அவளுக்குப் பிடிக்கும். தோட்டத்துக் கோடியில், பாறையை ஒட்டி நின்ற மரத்தைக் காட்டினாள். அதற்கு அடியில் மண்ணென்று சொல்ல ஒன்றுமில்லை. இலைகளின் ஓரம் தீய்ந்திருந்தது. மற்ற மரத்துப் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் எலுமிச்சம்பழம் என்று சொல்லிவிடலாம், அத்தனை சிறிய பழங்கள்.

ராஜேஸ்வரி அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வாட்டம் இல்லை. சந்தோஷப்படுவதுபோல்கூட இருந்தது.

சொன்னது சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று சிவசங்கரி நினைத்தாள்.

“கவலைப்படாதீங்கம்மா. அந்த மரத்துக்குக் கொஞ்சம் பொட்டாஷ் வெச்சு விடுங்க. அடுத்த காய்ப்புல ஏறிடும்.”

“ஐயோ, அதெல்லாம் வேணாங்க!”

கத்திவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். உரம் போட்டால் மண் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சிவசங்கரி இதற்கு முன்பும் கேட்ட பேச்சுதான். மண்ணில் இல்லாதது மரத்துக்கு எங்கிருந்து வரும் என்று பொறுமையாக ஆரம்பித்தாள்.

ராஜேஸ்வரி அதற்குள் பாறைப் பக்கம் போய்விட்டிருந்தாள். இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து ஒரு பழத்தைத் திருகி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போய்ட்ச்சுங்க. திருப்பத்தூர் போய்ப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கினு வர்றாரு. பொட்டாசியம் ஏறுனா நெஞ்சு நின்னுடுமாம். கமலாப்பழத்தத் தொடவே கூடாதுன்ட்டாங்க. இதெல்லாம் அவரு வெச்ச செடிங்க. மொதக் காய்ப்பு வர்றதுக்குள்ள படுத்துட்டாரு.”

ராஜேஸ்வரியின் கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள் சிவசங்கரி.

“டாக்டரைக் கேக்காம குடுத்துடாதீங்கம்மா.”

“நேத்து சுத்தம் பண்ணப்பவே கேட்டுட்டேங்க. பொட்டாசியம் கம்மியான பழமா இருந்தா ஒரே ஒரு சுளை தரலாம்னாரு. எந்த மரத்துதுன்னு நீங்கதானே சொல்லணும்?”

வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் தீர்த்தகிரி. கால்கள் வீங்கி, தோல் பளபளத்தது. ராஜேஸ்வரி பழத்தை உரித்தாள். நாரைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். ஒரு சுளையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதை வாயில் போட்டு, கடிக்காமல் ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத்தான் தாடை அசைந்தது.

“இன்னா, இனிக்குதா?”

“சப்புனு கெடக்குது” என்றார்.

பிறகு மறுபடியும் கையை நீட்டினார்.

ராஜேஸ்வரி ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்தாள். மீதிச் சுளைகள் அத்தனையையும் சேர்த்துத் தன் வாயில் திணித்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பி, சாறு மோவாயில் வழிந்தது.

தீர்த்தகிரி கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

“மெதுவாத் தின்னு. உனக்கும் இதானே மொதப் பழம்.”